இயங்குதளம் புதுக்கலும் இல்லக் கோப்புறை காத்தலும்

கிடுகினால் வேய்ந்த வீடுகள் மிகுந்திருந்த காலத்தில், மாரிக்கு முன்னர்ப் பழைய கூரையைப் பிரித்து மீள வேய்தல் எம்மூர்களில் வழக்கமாய் நிகழ்வதொன்று. வேலையாட்கள் ஏணி சாத்துமுன்னரே வீட்டிலுள்ளோர் பெட்டகத்தை ஒரு புறம் ஒதுக்கி, அதன்மேற் சாக்கு விரித்து மூடிவிடுவர். கூரை போவதற்கென்றே உள்ளது. பழைய கிடுகு மறுபடி உதவாது. பெட்டகத்தினுள் இருக்கும் காணி உறுதியும் சாதகமும் அத்தகையன அல்ல. எது போகலாம், எது இருக்கவேண்டும் என்பதை அங்கே எவர்க்கும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. கணினியிலோ இரண்டும் ஒரே பெட்டியுள், ஒரே வட்டில், கண்ணுக்குத் தெரியாமற் கலந்து கிடத்தலின், கூரையைப் பிரிக்கப் போனவர் பெட்டகத்தையும் சேர்த்து எரித்துவிடுகின்றார்.

நாம் நன்கறிந்த ஒரு சனசமூக நிலையத்தில் இவ்வாறு நிகழ்ந்தது. அதன் பெயர் ஈண்டு வேண்டா. நிலையத்தின் கணினியில் லினக்ஸ் இயங்கிவந்தது. அதிலே அங்கத்தவர் இடாப்பு, சந்தாக் கணக்கு, ஆண்டறிக்கைகள் ஆகியவற்றோடு, ஊரவரிடம் இரவல் வாங்கி வருடிச் சேர்த்த பழைய நிழற்படங்களும் இருந்தன. அவற்றுட் சில, இடப்பெயர்வுகளுக்குத் தப்பி ஒற்றைப் பிரதியாய் எஞ்சியவை. வருடியபின் உரியவரிடம் திரும்பி, அவர் காலமானபின் எவர் கைக்குப் போயின என அறியப்படாதவை. கணினி மெதுவாக இயங்குகின்றதென்று கண்டு உதவ முன்வந்த இளைஞர் ஒருவர் புதிய பதிப்பொன்றை யூஎஸ்பி செருகியிற் கொண்டுவந்தார். நிறுவும் செயலி, வட்டு முழுவதையும் அழித்து நிறுவுதலை முதல் வழியாகக் காட்டிற்று; அவர் அதனையே தெரிந்தார். சிறிது நேரத்துட் புதிய முகப்பு அழகாக வந்துவிட்டது. ‘தம்பி, படங்கள் எங்கே?’ என்று செயலாளர் வினவியபோதே நிகழ்ந்தது விளங்கிற்று. ‘ஐயா, அவை வேறாக இருக்குமென்று நினைத்தேன்’ என்றார் இளைஞர். அவர் மேற் குற்றங் கூறுவதற்கில்லை. கெட்டிக்காரரான அவர்க்கு ஒருவருஞ் சொல்லித்தராத ஒன்றை எழுதிவைத்தலே எமது நோக்கம்.

இக்காலத்தில் அதனை எழுதவேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. வின்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அதன் உரிமையாளர் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏலாத பழைய கணினிகள் பல லினக்ஸுக்கு மாறுகின்றன. லினக்ஸிலும் பதிப்புக்களுக்கு ஆயுள் உண்டு. உபுந்து 20.04 என்பதன் இலவச ஆதரவு 2025 மே மாதத்துடன் முடிந்தது. ஆகவே வாசிகசாலையிலோ ஆலய பரிபாலன சபையிலோ எமது பழைய மாணவர் ஒருவர் பேணும் கணினிக்கு, இன்றில்லாவிடினும் நாளை, மீள்நிறுவல் வந்தே தீரும்.

இயங்குதளம், அதாவது எம் பிள்ளைகளின் பாடநூல்கள் பணிசெயல் முறைமை எனக் கூறுவது, கணினியின் உறுப்புக்களை இயக்கிச் செயலிகளுக்கு இடங்கொடுக்கும் அடித்தள மென்பொருள். லினக்ஸின் கருவை 1991ஆம் ஆண்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். அதன் கோப்பமைப்போ அதனினும் பழையது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடங்கிய யூனிக்ஸின் வழிவந்தது. வின்டோஸிற் போல வட்டுக்கோர் எழுத்து இங்கில்லை. வேர் என்னும் ஒன்றிலிருந்தே எல்லாங் கிளைக்கும். ‘யூஎஸ்ஆர்’ என்னுங் கிளையிற் செயலிகள். ‘ஈடிசி’ என்னுங் கிளையில் முறைமைக்குரிய அமைப்புக் குறிப்புக்கள். ‘வார்’ என்னுங் கிளையில் அன்றாடம் மாறுவன. ‘ஹோம்’ என்னுங் கிளையில் மக்கள். ஒவ்வொரு பயனருக்கும் அங்கே தம் பெயரால் ஒரு கோப்புறை உண்டு. அதனையே இல்லக் கோப்புறை என்கின்றோம். அவர் எழுதிய கடிதம், சேர்த்த படம், செயலிகளில் அவர் செய்துகொண்ட ஒழுங்குகள் யாவும் அதனுள் அடங்கும்.

‘யூஎஸ்ஆர்’ என்பது பயனர் எனப் பொருள்படும் ‘யூசர்’ என்பதன் குறுக்கம் என்பது வேடிக்கை. பழைய யூனிக்ஸிற் பயனர்தம் கோப்புறைகள் அங்கேயே இருந்தன. செயலிகள் வந்து சிறிது சிறிதாக அவ்வீட்டைப் பிடித்துக்கொள்ள, வீட்டுக்காரர் வெளியேறி வேறு வளவிற் குடியேறினர். வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரை வெளியேற்றிய வழக்குகளிலே தோன்றிய சட்டத்தரணிகள் எம் பழைய மாணவருட் பலர் உளர். அவர்களுக்கு இது வியப்பளியாது. ஆயினும் இவ்வெளியேற்றத்தால் விளைந்தது நன்மையே. முறைமை ஒரு வளவிலும் மக்கள் மற்றொரு வளவிலும் இருத்தலினாலன்றோ ஒன்றை இடித்துக் கட்டும்போது மற்றையதைத் தொடாதிருத்தல் இயலுகின்றது?

பழுதில்லாத முறைமையொன்றை அடுத்த பதிப்புக்கு நேரே உயர்த்துதலும் உண்டு. உபுந்துவில் 20.04 இலிருந்து 22.04 இற்கும், அங்கிருந்து 24.04 இற்கும் படிப்படியாக ஏறலாம். அதில் இல்லங்கள் தொடப்படுவதில்லை. முறைமை சீர்கெட்டபோதும், ஒரு வகை லினக்ஸிலிருந்து வேறொரு வகைக்கு மாறும்போதுமே முற்றான மீள்நிறுவல் வேண்டப்படும். அதனையே இனிக் கூறுவோம்.

முதலில் அறியவேண்டியது, இல்லங்கள் வட்டில் எங்கே கிடக்கின்றன என்பது. வட்டொன்றைக் காணியைப் போலத் துண்டுகளாகப் பிரிக்கலாம். ‘ஹோம்’ கிளைக்குத் தனித்துண்டு இருப்பின், முறைமை இருக்கும் துண்டை மட்டும் வெறிதாக்கிப் புதிதாய் நிறுவி, இல்லத்துண்டை வேலி தாண்டாமல் விட்டுவிடலாம். தனித்துண்டு இல்லையேல் இரண்டும் ஒரே வளவில் உள்ளன. எந்நிலை என்பதை அறிய, கட்டளைச் சாளரத்தில் ‘டிஎப்’ என்னும் கட்டளையை ‘ஹோம்’ கிளையின் பெயரோடு கொடுத்தல் போதும். விடையின் இறுதி நிரலில் ‘ஹோம்’ என்றிருந்தால் அது தனியே பொருத்தப்பட்டது. வேரைக் குறிக்குஞ் சாய்கோடு மட்டும் இருந்தால் தனித்துண்டு இல்லை. உபுந்துவின் நிறுவி தானாகச் செய்யும் ஒழுங்கில் எல்லாம் ஒரே துண்டிற் கிடக்கும். டெபியனின் நிறுவி, இல்லத்துக்குத் தனித்துண்டு வேண்டுமா எனக் கேட்கும். பெடோராவின் மேசைக்கணினிப் பதிப்பு 2020இல் வெளிவந்த 33ஆவது வெளியீடு தொட்டு ‘பிடிஆர்எப்எஸ்’ என்னும் கோப்பமைப்பைக் கையாளுகின்றது. அதில் வேரும் இல்லமும் ஒரே துண்டினுள் இரு உட்பிரிவுகளாக இருக்கும். ஒரே காணியில் நடுச்சுவர் எழுப்பிய இரு வீடுகள் போல என்க. அங்கும் ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்துக்கொள்ளலாம். ஆயின் துண்டையே போமற் செய்தால் இரண்டும் போய்விடும்.

எந்நிலையாயினும், வேலை தொடங்குமுன் வேறொரு வட்டிற் காப்புப் பிரதி எடுத்தல் இன்றியமையாதது. தனித்துண்டு உண்டு, ஆதலாற் பயமில்லை என்போர் உளர். துண்டைக் குறிக்குங் கையே துண்டை அழிக்குங் கையும் ஆதலின் அவ்வெண்ணம் தகாது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கடைகளில் வாங்கும் வெளிவட்டும் செருகியும் பெரும்பாலும் வின்டோஸுக்கு இசைந்த அமைப்பில் வருவன. அவற்றின் பழைய கோப்பமைப்பாகிய ‘பாட் 32’ இல் 4 ஜிபி அளவை எட்டும் கோப்பு வைத்தல் இயலாது. இன்னும் முக்கியமாக, இக்கோப்பு எவருடையது, எவர் படிக்கலாம், எவர் திருத்தலாம் என லினக்ஸ் எழுதிவைக்கும் குறிப்புக்கள் அவற்றில் நில்லா; பொருள் போகும், உறுதி போகாது. ஆகவே லினக்ஸின் ‘எக்ஸ்ட் 4’ அமைப்பிலுள்ள வட்டொன்றில் ‘ஆர்சிங்க்’ கட்டளையாற் படியெடுத்தல் நன்று. அது கிட்டாவிடின் இல்லம் முழுவதையும் ‘டார்’ கட்டளையால் ஒரே பொதியாகக் கட்டி வைக்கலாம். பொதியினுள்ளே உடைமைக் குறிப்புக்கள் அழியாதிருக்கும். அப்பொதி 4 ஜிபி அளவை மீறக்கூடுமாதலின் வட்டு ‘பாட் 32’ அன்றென்பதைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். படி எடுத்தபின் மற்றொரு கணினியில் அதனைத் திறந்து நாலைந்து படங்களையேனும் கண்ணாற் பார்த்தல் வேண்டும். திறந்து பாராத காப்புப் பிரதியை நாம் காப்பெனக் கொள்வதில்லை.

இனி நிறுவியின் முன் அமர்வோம். வட்டு முழுவதையும் அழிக்கும் வழியை விட்டு, துண்டுகளை நாமே தெரியும் கைவழியைத் தெரிதல் வேண்டும். திரையில் துண்டுகளின் பட்டியல் தோன்றும். அவற்றின் பெயர்களை நம்புதல் கூடாது. இரு வட்டுக்கள் பூண்ட கணினியிற் பெயர்கள் ஒருமுறை தொடங்கும்போது ஒருவகையாகவும் மறுமுறை வேறாகவும் அமைதல் உண்டு. அளவையும் அதில் நிரம்பியுள்ள பங்கையும் கொண்டே அடையாளங் காணல் தகும். முன்னரே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் அவ்வேளையில் மனம் தடுமாறாது. வேர்த்துண்டுக்குப் பொருத்துமிடம் வேர் எனக் கொடுத்து, போமற் செய்க என்னும் சிறுகட்டத்தைக் குறியிடல் வேண்டும். இல்லத்துண்டுக்குப் பொருத்துமிடம் ‘ஹோம்’ எனக் கொடுத்து, அச்சிறுகட்டத்தை வெறுமையாக விடல் வேண்டும். அச்சிறுகட்டமொன்றே அச்சனசமூக நிலையத்தின் படங்களுக்கும் வெறுமைக்கும் இடையே நிற்கக்கூடிய வேலி. நிறுவி இறுதியாகச் செய்யப்போவனவற்றை ஒரு திரையிற் சுருக்கிக் காட்டும். அதனை வாய்விட்டுப் படிப்பதில் வெட்கமில்லை. நாம் இன்றும் அவ்வாறே செய்கின்றோம்.

தனித்துண்டு இல்லாத கணினியில் என் செய்வது? உபுந்து பல ஆண்டுகளாக வழங்கிய பழைய நிறுவியில், வேர்த்துண்டைப் போமற் செய்யாது விட்டால், முறைமைக்குரிய கிளைகளை மட்டும் அழித்து இல்லக் கிளையை விட்டுவைக்கும் ஒழுங்கு இருந்தது. எல்லா நிறுவிகளும் அவ்வாறு செய்வதில்லை. இன்ன நிறுவி இன்ன பதிப்பிற் செய்யுமென நினைவிலிருந்து துணிதல் ஆபத்து. இல்லத்தை வெளிவட்டுக்குக் கொண்டுபோய், கணினியைப் புதிதாகத் துண்டிட்டு, இல்லத்துக்கெனத் தனித்துண்டு வகுத்து, மீளக் கொண்டுவருதலே எமது துணிபு. ஒரு மாலைப்பொழுது போகும். அடுத்த முறைக்கு அவ்வருத்தம் இராது.

இனிக் கூறப்போவதே பலர் இடறும் இடம். துண்டும் அழியவில்லை, கோப்பும் அழியவில்லை. ஆயினும் புதிய முறைமையில் தம் பெயரைக் கொடுத்துக் கடவுச்சொல்லையுஞ் சரியாகக் கொடுத்தவர், ஒரு கணம் திரை இருண்டு, மீண்டும் பெயர் கேட்கும் வாயிலுக்கே தள்ளப்படுகின்றார். தம் வீட்டின் படலையில் தாமே அந்நியராய் நிற்கின்றார். காரணம் யாது?

லினக்ஸ் கோப்பின் உடைமையைப் பெயரால் எழுதுவதில்லை, எண்ணால் எழுதுகின்றது. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. ‘ஈடிசி’ கிளையில் ‘பாஸ்வேட்’ என்னும் பெயருடைய ஒரு சிறு கோப்பு, வரிக்கொருவராகப் பயனர்களைப் பதிந்துள்ளது. முக்காற்புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட ஏழு கூறுகளுடைய அவ்வரியில் முதலாவது பெயர், மூன்றாவது அவ்வெண், ஆறாவது இல்லத்தின் இருப்பிடம். பெயருக்குக் கடவுச்சொல்லைக் காக்கும் கோப்பென்று தோன்றினும், கடவுச்சொற்கள் இன்று வேறிடத்தில் உள்ளன. இதனை வட்டாரத் தோம்பு எனக் கொள்ளுதலே பொருந்தும். தோம்பு இருப்பது ‘ஈடிசி’ கிளையிலாதலின் மீள்நிறுவலில் அது அழிந்து புதிதாய் எழுதப்படுகின்றது. உறுதிகளோ இல்லத்திலுள்ள ஒவ்வொரு கோப்போடும் ஒட்டிக் கிடக்கின்றன. உறுதியில் உள்ளது எண்ணே. புதிய தோம்பு அதே பெயருக்கு வேறெண் கொடுத்திருந்தால், கோப்புகளின் கண்ணுக்கு அவர் வேற்றாள்.

இதற்கு மெய்யான உதாரணம் ஒன்று உண்டு. ரெட் ஹாட் மரபிலுள்ள லினக்ஸ்களில் முதற் பயனரின் எண் நெடுங்காலம் 500 ஆக இருந்தது. 2011இல் பெடோரா 16 வெளியீட்டிலும், 2014இல் ரெட் ஹாட் நிறுவனப் பதிப்பு 7 இலும் அது 1000 ஆக மாற்றப்பட்டது. டெபியனும் உபுந்துவும் முன்னரே 1000 இலிருந்து தொடங்குவன. சென்டோஸ் 6 இன் ஆதரவு 2020 நவம்பர் 30ஆந் திகதி முடிந்தபோது, அதனைவிட்டுப் புதிய முறைமைக்கு இல்லத்துண்டைக் கொண்டுவந்தோர் 500 என்னும் எண்ணுடைய கோப்புகளோடு வந்தனர். தாமோ 1000 ஆயினர். பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையோடு சிறுகோட்டின்பின் ‘எல்’, ‘என்’ என்னும் ஈரெழுத்தைச் சேர்த்தால், உடையவரின் பெயருக்குப் பதிலாக எண் தோன்றும். ‘ஐடி’ என்னும் கட்டளை தம் எண்ணைக் காட்டும். இரண்டையும் ஒப்புநோக்கின் நோய் வெளிப்படும்.

ஒருவரே பயன்படுத்தும் கணினியில் இவ்விடர் அரிது. டெபியனிலிருந்து டெபியனுக்கோ உபுந்துவுக்கோ செல்லும்போது முதற் பயனர் மீண்டும் 1000 ஆகிவிடுவார். தற்செயலாக எல்லாம் பொருந்தும். நிறுவி கேட்கும்போது பழைய பயனர்ப் பெயரையே, எழுத்தும் பிசகாமற் கொடுத்தல் வேண்டும், அவ்வளவே. பலர் பயன்படுத்தும் கணினியிலேயே சிக்கல் கொடியது. தந்தையார் 1000, மகளார் 1001 எனப் பதிந்திருந்த வீட்டுக் கணினியை, மீள்நிறுவியபின் மகளார் முதலில் தம் பெயரைப் பதிந்தால் அவர் 1000 ஆகின்றார், தந்தையார் 1001. இருவரும் தத்தம் இல்லத்தின் வாயிலில் நின்று, உள்ளே போகமாட்டாதவராய், மற்றவரின் கடிதங்களுக்கு உரிமையாளராகின்றனர். ஒரு சபையின் பொருளாளரும் செயலாளரும் இவ்வாறு மாறிப்போனால் விளைவது சிரிப்புக்குரியதன்று.

மருந்து எளியது. மீள்நிறுவலுக்கு முன் அத்தோம்புக் கோப்பையும், குழுக்களைப் பதிந்த ‘குறூப்’ என்னும் அயற்கோப்பையும் படியெடுத்து வைத்தல் வேண்டும். பின்னர்ப் பயனர்களைப் பழைய வரிசையிலேயே, அல்லது எண்ணைத் தாமே குறித்து, பதிதல் வேண்டும். காலந் தாழ்ந்து அறிந்தால், இல்லத்தின் உடைமையை ‘சௌன்’ என்னும் கட்டளையாற் புதிய எண்ணுக்கு மாற்றலாம். இக்கட்டளையை முறைமை நிருவாகியின் அதிகாரத்தோடு, ஒருவரின் இல்லத்தின் பெயரைத் தெளிவாகக் கொடுத்து மட்டுமே ஏவல் வேண்டும். பெயரை மறந்து வேரிலே ஏவியவர்கள் முறைமை முழுவதற்கும் தாமே உடையவராகி, அன்றே மறுமுறை நிறுவினர். 500 என்னும் எண்ணை வைத்துக்கொண்டே காலந்தள்ளலும் நன்றன்று. 1000 இற்குக் கீழ்ப்பட்டோரைப் புதிய முறைமைகள் ஆட்களாகவன்றிப் பணிக்கணக்குகளாகக் கருதி, வாயிற்றிரையிற் பெயர் காட்டாது விடுகின்றன. பெடோரா வகைகளில் எண் சரியாகியும் கதவு திறவாவிடின், ‘எஸ்இ லினக்ஸ்’ என்னும் காவலமைப்பு ஒட்டும் சீட்டுக்கள் பழையனவாயிருத்தல் கூடும். ‘ரெஸ்ட்டோர்கொன்’ என்னும் கட்டளை அவற்றைப் புதுக்கும். இவ்வெண்ணின் தொல்லையை ஒழிக்கவே 2020இல் சிஸ்டம்டி 245ஆம் பதிப்போடு, இல்லத்தோடு உரிமைக் குறிப்பையும் சேர்த்து எடுத்துச்செல்லும் ‘ஹோம்டி’ என்னும் முறை வந்தது. நாம் பார்த்த அளவிற் பெருவழக்காகவில்லை.

உள்ளே புகுந்தபின் வேறொரு வகைப் பழம்பொருள் எதிர்ப்படும். இல்லத்திற் கண்ணுக்குத் தெரியும் கோப்புறைகளைவிடத் தெரியாதனவே மிகுதி. பெயரின் முதலிற் புள்ளி இட்ட கோப்பு பட்டியலில் மறைந்திருக்கும். இது திட்டமிட்ட ஏற்பாடன்று. தன்னையும் மேற்கோப்புறையையும் குறிக்கும் புள்ளிகளைப் பட்டியலிற் காட்டாதிருக்க, முதலெழுத்துப் புள்ளியாயின் விட்டுவிடுக என எழுதிய குறுக்குவழியின் விளைவு என்று பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரொப் பைக் கூறியுள்ளார். அன்றைய சோம்பல் இன்று மரபாகிவிட்டது. மறைகோப்புகளில் உலாவியின் புத்தகக்குறிகள், அஞ்சற் செயலியிற் சேர்ந்த கடிதங்கள், இரகசியத் திறவுகள், முகப்பின் அமைப்புக்கள் யாவும் உண்டு. ஆதலாற் படியெடுக்கும்போது கண்ணுக்குத் தெரிவனவற்றை மட்டும் இழுத்துப் போடுவோர் பாதியை விட்டுவருகின்றனர்.

ஆனால் இம்மறைபொருள் முழுவதும் நன்மையன்று. பழைய முகப்புச் செயலியின் அமைப்பைப் புதிய செயலி தவறாகப் படித்து மூலையிற் கிடந்து தடுமாறல் உண்டு. அவ்வேளை புதிய பயனர் ஒருவரைத் தற்காலிகமாகப் பதிந்து உட்புகுந்து பார்த்தல் நல்ல சோதனை. அவர்க்கு எல்லாம் சீராயின், பழுது முறைமையிலன்று, நம் பழைய அமைப்புக்களில் என்பது தெளிவு. அப்போது ‘கொன்பிக்’ என்னும் மறைகோப்புறையை அழியாது, பெயர்மாற்றி ஒதுக்கிவைத்து, வேண்டியனவற்றை ஒவ்வொன்றாக மீட்டல் தகும். ‘காஷ்’ என்னும் மறைகோப்புறையை முற்றாக நீக்கினும் இழப்பில்லை. பயர்பொக்ஸ் உலாவி 2019இல் வெளிவந்த 67ஆம் பதிப்பு முதலாகத் தன்னினும் புதிய பதிப்பு எழுதிய விவரத்தொகுதியைத் திறக்க மறுக்கின்றது. புதிய உபுந்துவிலிருந்து சற்றே பழைய உலாவியுடன் வரும் டெபியனுக்கு மாறுவோர் இதனைக் காண்பர். உபுந்து 22.04 தொட்டு அவ்வுலாவி ‘ஸ்னாப்’ என்னும் பொதியாக வருதலின், விவரத்தொகுதியும் ‘ஸ்னாப்’ கோப்புறையினுள்ளே இருக்கும். புத்தகக்குறிகள் தொலைந்தன என அழைத்த பலர்க்கு, அவை பழைய இடத்திற் பத்திரமாக இருந்ததைக் காட்டிக்கொடுத்திருக்கின்றோம். சேமித்த கடவுச்சொற்களைக் காக்கும் சாவிக்கொத்து பழைய நுழைவுக் கடவுச்சொல்லாற் பூட்டப்பட்டதாகையால், புதிய முறைமையில் வேறு கடவுச்சொல் வைத்தவர் பழையதை மறக்கலாகாது.

பூட்டிய இல்லங்களைப் பற்றி ஒரு சொல். உபுந்து தன் நிறுவியில், இல்லத்தை மட்டும் மறைகுறியாக்கும் வழியொன்றை 18.04 பதிப்புக்கு முன்னர் வரை வழங்கிற்று. அவ்வகையிற் பூட்டப்பட்ட பழைய கணினி இன்றும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் மெய்த்திறவு, நாம் தட்டும் கடவுச்சொல் அன்று. அதனாற் பொதியப்பட்ட நீண்ட எழுத்துத்தொடர். மீள்நிறுவுமுன் பழைய முறைமையிலே அதனை வெளிப்படுத்தித் தாளில் எழுதிக்கொள்ளாதவர், கோப்பு முழுவதும் கையிலிருக்க ஒன்றையும் படிக்கமாட்டாதவராதலும் கூடும். நாம் அறிந்த எல்லா இழப்புக்களிலும் மனத்தை மிக வருத்துவது இதுவே.

இல்லம் முழுவதும் தப்பினும் எல்லாந் தப்பியதாகாது. கம்பியில்லா வலையமைப்புக்களின் கடவுச்சொற்களும் அச்சுப்பொறியின் அமைப்பும் ‘ஈடிசி’ கிளையில் இருப்பவை. தரவுத்தளம் வைத்து அங்கத்தவர் இடாப்பை நடத்தும் சபையாயின் அத்தரவு ‘வார்’ கிளையில் இருக்கும். குறித்த வேளையில் தாமே இயங்கும்படி வைத்த கட்டளைகளும் அங்கேயே. செயலிகளை மீளப் போட்டுக்கொள்ளலாம். அவற்றின் பெயர்ப்பட்டியலை முன்னரே ஒரு கோப்பில் எழுதி இல்லத்தில் வைத்தால் நினைவைத் துழாவவேண்டியதில்லை.

தமிழில் எழுதுவோர்க்கு இன்னும் ஒன்று. ரெங்கநாதன் விசைப்பலகை ஒழுங்கை நாம் தெரிந்துவைத்த குறிப்பு இல்லத்தில் இருக்கும். அதனை இயக்கும் உள்ளீட்டுச் செயலியோ முறைமையில் இருந்தது. ஆகவே மீள்நிறுவலின்பின் அச்செயலியை மறுபடி நிறுவுமட்டும் விசைகள் ஆங்கிலமே பேசும். எழுத்துருக்களும் அவ்வாறே. இந்நாட்டிற் பல ஆண்டுகளாகத் தட்டச்சிட்ட அறிக்கைகள், அழைப்பிதழ்கள், மலர்க் கட்டுரைகள் மிகப் பல பாமினி எழுத்துருவில் உள்ளவை. அவ்வெழுத்துருவை எல்லாப் பயனர்க்கும் பொதுவாக ‘யூஎஸ்ஆர்’ கிளையில் இட்டிருந்தால் அது மீள்நிறுவலில் போய்விடும். அதன்பின் பழைய ஆவணத்தைத் திறப்பவர், ‘அம்மா’ எனத் தட்டிய இடத்தில் எம்மும் கேயும் அரைப்புள்ளியும் மீண்டுங் கேயும் எச்சுமாக ஆங்கில எழுத்துக்கள் நிற்கக் கண்டு, ஆவணம் கெட்டதென அழித்துவிடுவதும் உண்டு. கெட்டது ஆவணமன்று. எழுத்துருவை இல்லத்தினுள் ‘லோக்கல்’ என்னும் மறைகோப்புறையின் ‘ஷேர்’ பகுதியில், ‘பொன்ட்ஸ்’ என்னுங் கோப்புறையில் இட்டு, ஆவணத்தை மூடி மறுபடி திறந்தால், எழுத்துக்கள் தம் இடத்திலேயே தமிழாக வந்து நிற்கும்.